பொம்மையா, பழைய புத்தகமா, ஓவியமா, வீரரின் சட்டையா: ஏலத்தில் முதலில் எதைக் கேட்பது?

கையில் கொஞ்சம் பணம் ஒதுக்கியாகிவிட்டது. ஏலத்தில் எடுத்துச் சேர்க்கத் தொடங்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. ஆனால் கேட்டலாக்கைத் திறந்தால் ஒரு பக்கம் பெட்டி பிரிக்காத பொம்மை, அடுத்த பக்கம் நூறு வருடப் புத்தகம், அப்புறம் ஓவியர் கையெழுத்திட்ட பிரிண்ட், அதற்கடுத்து இறுதிப் போட்டியில் போட்ட ஜெர்சி. இந்த இடத்தில் தயங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் கேட்பது "இதில் எது விலை ஏறும்?" என்பதைத்தான். அதற்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. முடிவெடுக்க அதைவிட உதவுகிற கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பொருள் அசல்தான் என்பதற்கான சான்று எங்கே இருக்கிறது? பொருளுக்குள்ளேயா, அதன் பெட்டியிலா, ஒரு நிபுணரின் கருத்திலா, அல்லது ஒரு பழைய புகைப்படத்திலா? நான்கு வகைகளும் பிரிவது இந்த இடத்தில்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

சான்றை முதல் அளவுகோலாக வைக்கிறேன். அடுத்தது நிலை: பொருள் எப்படிக் கெடும், கெட்டதைச் சரிசெய்தால் மதிப்பு கூடுமா குறையுமா. மூன்றாவது, வாங்கிய பிறகு வருகிற செலவு. நான்காவது, திரும்ப விற்பது எவ்வளவு எளிது. ஐந்தாவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை: வீட்டில் வைத்து அதை அனுபவிக்க முடியுமா? நான் இதற்கு நிறைய இடம் கொடுப்பேன். ஏனென்றால் விலை ஏறாமல் போனாலும் கையில் மிஞ்சுவது அந்த அனுபவம்தான்.

## எல்லாவற்றுக்கும் பொதுவான மறைமுகச் செலவு

சுத்தியல் விழும்போது சொல்லப்படுகிற விலை நீங்கள் கட்டுகிற விலை அல்ல. அதன்மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் ஒரு கமிஷன் வசூலிக்கும். 20 முதல் 28 சதவீதம் வரை என்பது இப்போது சாதாரணம். வேறொரு இணையத் தளம் வழியாகக் கேட்டால் அதற்கும் சில சதவீதம் கூடலாம். அப்புறம் வரி, பேக்கிங், காப்பீட்டோடு அனுப்பும் செலவு, நாடு கடந்து வந்தால் சுங்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுத்தியல் விலை 1,000, கமிஷன் 25 சதவீதம், அனுப்பும் செலவு 50. ஆக, நீங்கள் கொடுத்தது 1,300. இதையே நீங்கள் ஏலத்தில் விற்கும்போது நிறுவனம் விற்பவரிடம் 10 சதவீதம் பிடிக்கிறது என்று வைப்போம். போட்ட 1,300 திரும்பிவர வேண்டுமானால் சுத்தியல் விலை சுமார் 1,444ஐத் தொட வேண்டும். அதாவது 44 சதவீதம் ஏறினால்தான் உங்களுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அந்த நிலையில் அடுத்து வாங்குபவர் தன் கமிஷனோடு சேர்த்து 1,805க்கு மேல் கொடுத்திருப்பார். ஒரு வருடத்தில் வாங்கி விற்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். நான்கு வகைக்கும் இது ஒன்றுதான்.

ஏல விதிமுறைகளையும் ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள். சோத்பிஸ், கிறிஸ்டிஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் அசல்தன்மைக்கு 5 வருட உத்தரவாதம் தருகின்றன. அதிலும் நிபந்தனைகள் உண்டு. சிறிய நிறுவனங்கள் பல, பொருளை 'இருக்கிற நிலையில்' விற்பதோடு முடித்துக்கொள்கின்றன.

## அரிய புத்தகங்கள்: சான்று கையிலேயே இருக்கிறது

சோத்பிஸ் 1744ல் தொடங்கியதே ஒரு நூலகத்துப் புத்தகங்களை ஏலம் விட்டுத்தான். அவ்வளவு பழைய சந்தை என்பதால் இங்கே அறிவு நன்றாகத் திரண்டிருக்கிறது. எந்தப் பதிப்பு, எந்த அச்சு, எந்தப் பக்கத்தில் என்ன பிழை என்பதையெல்லாம் நூல் விவரப் பட்டியல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். பொறுமை இருந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம். இந்தத் துறையை நான் விரும்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1997ல் வந்த முதல் அச்சில் கெட்டி அட்டைப் பிரதிகள் 500தான். அவற்றில் பாதிக்கு மேல் நூலகங்களுக்குப் போய்விட்டன. பதிப்பு விவரப் பக்கத்தில் 10லிருந்து 1 வரை எண்வரிசை முழுதாக இருக்க வேண்டும். 53ஆம் பக்கத்தில், பள்ளிக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலில் மந்திரக்கோல் இரண்டு தடவை வந்திருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க நிபுணர் தேவையில்லை, இரண்டு பக்கத்தைப் புரட்டினால் போதும். இப்படிப்பட்ட ஒரு பிரதி 2021 டிசம்பரில் ஹெரிடேஜ் ஏலத்தில் 4,71,000 டாலருக்குப் போனது.

நிலைதான் இங்கே விலையை உருட்டிப் போடுகிறது, அதிலும் மேலுறை, அதாவது அட்டைக்கு மேல் போர்த்துகிற தாள். 1925ல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' முதல் பதிப்பில், மேலுறையின் பின்பக்கக் குறிப்பில் நாயகன் பெயரின் முதல் எழுத்து தவறுதலாகச் சிறிய எழுத்தாக அச்சாகிவிட்டது. பிறகு அதை மையால் பெரிய எழுத்தாகத் திருத்தினார்கள். அந்த மேலுறை இருக்கிற பிரதிக்கும் இல்லாத பிரதிக்கும் உள்ள விலை வித்தியாசம் பல மடங்கு. உள்ளே இருக்கிற நாவல் என்னவோ ஒன்றேதான். மேலுறைக்கு இவ்வளவு மதிப்பு என்பதால் ஏமாற்றும் அங்கேதான் நடக்கிறது: நகலெடுத்த மேலுறை, வேறு பிரதியிலிருந்து கழற்றி மாட்டியது, ஓரங்களை ஒட்டி வண்ணம் பூசியது. விவரக் குறிப்பில் 'மேலுறை உண்டு' என்று மட்டும் இருந்தால், அது அந்தப் பிரதியோடு வந்ததா என்று தனியாகக் கேளுங்கள். இன்னும் பழைய நூல்களில் இரண்டு குறையுள்ள பிரதிகளைப் பிரித்து ஒரு முழுப் பிரதியாகக் கட்டியிருப்பார்கள். பக்கம் பக்கமாக எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

போலிகள் இங்கேயும் உண்டு. ஆனால் மாட்டிக்கொண்ட விதத்தைக் கவனியுங்கள். தாமஸ் வைஸ் என்ற பெயர்பெற்ற சேகரிப்பாளர், 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களின் 'முதல் அச்சு' என்று சிறு வெளியீடுகளைத் தயாரித்துச் சந்தையில் விட்டார். 1934ல் ஜான் கார்ட்டர், கிரஹாம் போலார்ட் என்ற இரண்டு புத்தக வியாபாரிகள் அந்தத் தாளையும் எழுத்துருவையும் ஆராய்ந்தார்கள். அச்சிட்டதாகச் சொன்ன வருடத்தில் புழக்கத்திலேயே இல்லாத வகைத் தாள் அதில் இருந்தது. பொருளே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

வைத்திருக்கும் செலவு குறைவு. நேர் வெயில் படாத அலமாரி, அளவான ஈரப்பதம், அமிலமில்லாத உறை, பூச்சி மேல் ஒரு கண். குறை என்று பார்த்தால் இரண்டு. விற்க நாளாகும், சரியான ஆள் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம், தொகுதிகளையும் பருவ இதழ்களையும் பல ஏலங்களில் 'எல்லாக் குறைகளோடும்' என்று விற்பார்கள். வீட்டுக்கு வந்தபின் பக்கம் குறைந்தாலும் திருப்பித் தர முடியாது.

## பொம்மைகள்: பெட்டிக்குத்தான் காசு

பொம்மையில் ஒரு பெரிய வசதி, பலருக்குப் பாதி அறிவு ஏற்கெனவே இருக்கிறது. சிறுவயதில் விளையாடிய பொம்மையின் எடை, நிறம், மூட்டு திரும்புகிற விதம் எல்லாம் கைக்கு நினைவிருக்கும். குறைந்த பணத்திலும் தொடங்கலாம். உச்சியும் சிறியதல்ல. குழந்தைகளின் தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் கடைக்கு வராமலே போன, ராக்கெட் ஏவும் போபா ஃபெட் (ஸ்டார் வார்ஸ் பாத்திரம்) பொம்மையின் முன்மாதிரி ஒன்று 2024ல் 5,25,000 டாலருக்குப் போனது.

ஆனால் பொம்மையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. பார்பியின் முதுகில் 1966 என்று இருக்கும். அது உடல் அச்சின் உரிமை பதிவான வருடம். அதே அச்சில் பல பத்தாண்டுகள் பொம்மைகள் வந்தன. 1966ஆம் வருடப் பார்பி என்று நம்பி 90களின் பொம்மைக்கு விலை கொடுத்துவிடலாம். முதன்முதலில் வந்த 1959 பார்பியைக் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டியது பாதத்தை: ஸ்டாண்டில் நிறுத்துவதற்கான துளைகள் இருக்கும். ஸ்டார் வார்ஸ் வரிசையின் ஜாவா பொம்மை 1978ல் முதலில் வினைல் மேலங்கியோடு வந்தது. சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். வினைல் அங்கிக்கு விலை அதிகம், ஒரு துண்டு வினைலை வெட்டிப் போலி செய்வதும் எளிது. அதனால் அந்த ஒரு பொம்மையைப் பெட்டி இல்லாமல் வாங்குவதற்கு அனுபவம் நிறைய வேண்டும்.

கெடுகிற விதமும் கவலை தருவது. ஈயம் கலந்த மட்டமான துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய உலோகக் கார்கள் உள்ளிருந்தே வெடித்துப் பொடியாகும். அதைத் தடுக்க வழியில்லை. சில பிளாஸ்டிக்குகள் மஞ்சளாகும், சில வியர்த்துப் பிசுபிசுக்கும். கிரேடிங் செய்து, அதாவது ஒரு நிறுவனத்திடம் கொடுத்து நிலைக்கு மதிப்பெண் போடவைத்து, அக்ரிலிக் பெட்டிக்குள் அடைத்து வாங்கினால் நிலை பற்றிய சந்தேகம் தீரும். ஆனால் அதற்கான கட்டணம் தனி, பொம்மையை இனித் தொடவும் முடியாது. பிரித்த பெட்டியைத் திரும்ப ஒட்டி 'பிரிக்காதது' என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒட்டு ஓரங்களின் நெருக்கமான படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக வரும் 'சேகரிப்புப் பொம்மைகள்' விஷயத்தில் மட்டும் எனக்கு உறுதியான எதிர்ப்பு உண்டு. ஆள் உயர லபூபு பொம்மை ஒன்று 2025 ஜூனில் பெய்ஜிங் ஏலத்தில் 10.8 லட்சம் யுவானுக்குப் போனது செய்தியானது. ஆனால் தயாரிப்பாளர் இயந்திரத்தை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும்வரை அரிது என்பது அவர் கையில்தான் இருக்கிறது. 90களில் பீனி பேபி பொம்மைகளை மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தவர்களுக்கு நடந்தது இதுதான். எல்லோருமே பத்திரமாக வைத்திருந்ததால் எதுவும் அரிதாகவில்லை. பழைய பொம்மைகள் அரிதானதற்குக் காரணமே குழந்தைகள் விளையாடி உடைத்ததுதான்.

## ஓவியம்: நிபுணர் சொன்னால்தான் உண்டு

மரப் பலகையில் வரைந்த ஒரே ஓவியம். 2005ல் ஒரு சிறிய ஏலத்தில் 1,175 டாலர். 2017ல் கிறிஸ்டிஸில் 45 கோடி டாலர். 'சால்வதோர் முண்டி' லியனார்டோவின் கை என்று போதுமான நிபுணர்கள் சொன்னதால் வந்த வித்தியாசம் இது. முழுக்க அவர் வரைந்ததுதானா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. இந்தச் சந்தையில் நீங்கள் வாங்குவதில் பெரும்பகுதி ஒரு கருத்தை.

அதனால் கேட்டலாக்கின் சொற்களை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும். ஓவியர் பெயர் மட்டும் இருந்தால் அவர் வரைந்தது என்று நிறுவனம் சொல்கிறது. 'அவருடையதாகக் கருதப்படுவது' ஒரு படி கீழே. 'அவர் பட்டறை' என்றால் அவர் மேற்பார்வையில் மற்றவர்கள். 'அவர் வட்டம்' என்றால் அதே காலத்து நெருங்கிய ஒருவர். 'அவரைப் பின்பற்றியவர்', 'அவர் பாணியில்' என்று இறங்கிக்கொண்டே போய், 'அவரைப் பார்த்து' என்பதில் வெறும் நகலாகிவிடும். 'கையெழுத்திடப்பட்டது' என்பதும் 'கையெழுத்து காணப்படுகிறது' என்பதும் வேறு வேறு. இரண்டாவதில் அது ஓவியரே போட்டது என்று நிறுவனம் சொல்லவில்லை.

நிபுணர் கருத்தும் நிலையானதல்ல. அமெரிக்க ஓவியர் வார்ஹோலின் படங்களுக்குச் சான்று தந்த குழு, வழக்குச் செலவு தாங்காமல் 2012ல் கலைக்கப்பட்டது. நியூயார்க்கின் பழம்பெரும் நோட்லர் காலரி பல வருடங்கள் போலி ஓவியங்களைக் கோடிக்கணக்கான டாலருக்கு விற்று 2011ல் மூடப்பட்டது. ஜெர்மனியில் போலி ஓவியங்கள் வரைந்த பெல்ட்ராக்கி பிடிபட்டது ஒரு வெள்ளை நிறத்தால்: 1914ல் வரைந்ததாகச் சொன்ன படத்தில் அப்போது புழக்கத்தில் இல்லாத டைட்டானியம் வெள்ளை இருந்தது. ஆனால் அந்தச் சோதனை நடந்தது படம் ஏலத்தில் விற்றுப்போன பிறகு.

மறைமுகச் செலவு நான்கிலும் இங்கேதான் அதிகம். ஃபிரேம், சுத்தம் செய்தல், காப்பீடு, திருட்டுப் படமா என்று பதிவேட்டில் தேடுதல். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஓவியர் இறந்து 70 வருடம்வரை மறுவிற்பனை உரிமைத் தொகை உண்டு. 4 சதவீதத்தில் தொடங்கி விலை ஏற ஏறக் குறையும், எவ்வளவு ஆனாலும் 12,500 யூரோவைத் தாண்டாது. சட்டப்படி விற்பவர் கட்ட வேண்டியதை வாங்குபவர் பில்லில் சேர்க்கிற ஏல நிறுவனங்களும் இருக்கின்றன. இன்னொன்று: ஏலத்தில் விலை படியாமல் திரும்பிய படத்தின் மேல் அந்தக் கறை சில வருடம் ஒட்டியிருக்கும். விலைப்பட்டியல்கள் எல்லோர் கையிலும் இருப்பதால் மறைக்க முடியாது.

குறைந்த பணத்தில் தொடங்குபவர்களுக்குப் பிரிண்ட் நல்ல வழி. எத்தனை பிரதிகளில் எத்தனையாவது என்ற எண், அச்சுக்கூட முத்திரை, ஓவியரின் படைப்புப் பட்டியல் நூல் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்பெயின் ஓவியர் டாலியின் பிரிண்ட்களை மட்டும் முதலில் தொடாதீர்கள். அவர் வெற்றுத் தாள்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் என்பதால், கையெழுத்து அசலாக இருந்தும் படம் அசலாக இருக்க வேண்டியதில்லை.

இத்தனை ஆபத்தைச் சொன்னாலும், தினமும் பார்த்து மகிழ ஓவியத்தை மிஞ்சியது எதுவும் இல்லை. பெயர் அவ்வளவாகத் தெரியாத ஓவியரின் நல்ல படம் ஏலத்தில் வியக்கத்தக்க குறைந்த விலைக்குக் கிடைக்கும். பெயருக்குப் பணம் கொடுக்காதபோது போலியைப் பற்றிய பயமும் அந்த அளவுக்குக் குறைகிறது.

## விளையாட்டு நினைவுப்பொருள்: பொருளுக்கு வெளியே இருக்கும் சான்று

இதில் இரண்டு தனி உலகங்கள் இருக்கின்றன. வீரர்களின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகள் ஒன்று, வீரர்கள் அணிந்ததும் கையெழுத்திட்டதும் இன்னொன்று.

அட்டை அச்சுப் பொருள். கிரேடிங், பிரதிகளின் எண்ணிக்கை, பழைய விற்பனை விலைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952ஆம் வருட அட்டை, 9.5 கிரேடு பெற்றது, 2022ல் 1.26 கோடி டாலருக்குப் போனது. ஆனால் கிரேடும் வேதவாக்கு அல்ல. இன்னொரு பேஸ்பால் வீரரான ஹோனஸ் வாக்னரின் அட்டைகளில் உலகிலேயே மிகப் பெயர்பெற்றதன் ஓரத்தை வெட்டி நேராக்கியதை ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோவே வழக்கில் ஒப்புக்கொண்டார். தன் ஏலங்களில் பொய்யாக விலை ஏற்றிவிட்ட மோசடிக்காக 2015ல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

ஜெர்சி வேறு கதை. அந்தத் துணி அந்த நாளில் அந்த உடம்பில் இருந்தது என்பதைத் துணி சொல்லாது. அதை வெளியிலிருந்துதான் நிரூபிக்க வேண்டும். 1986 உலகக் கோப்பையில் மரடோனா 'கடவுளின் கை' கோல் அடித்தபோது போட்டிருந்த சட்டை 2022ல் 71 லட்சம் பவுண்டுக்கு விற்றது. ஏலத்துக்கு முன், அது முதல் பாதியில் போட்ட சட்டை, கோல் அடித்தது வேறொன்றில் என்று அவர் மகள் சொன்னார். சின்னத்தின் தையல், எண்ணின் கோடுகள் போன்ற நுணுக்கங்களைப் போட்டிப் படங்களோடு ஒப்பிட்டுத்தான் நிறுவனம் அதற்குப் பதில் சொன்னது. பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1932ல் அணிந்த சட்டை 2005ல் 9,40,000 டாலருக்குப் போனது. பிறகு புகைப்பட ஒப்பீட்டுச் சான்றோடு 2024ல் திரும்ப வந்தபோது 2.4 கோடி டாலரைத் தாண்டியது. இடைப்பட்ட வருடங்களில் சந்தை வளர்ந்ததும் ஒரு காரணம், ஆனால் அந்தச் சான்று இல்லாமல் அந்த உயரம் சாத்தியமில்லை.

கையெழுத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். 90களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எஃப்பிஐ நடத்திய சோதனைகளில் போலிக் கையெழுத்துக் கும்பல்கள் சிக்கின. அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொன்ன பேஸ்பால்கூடக் கிடைத்தது. அதன் விளைவாகத்தான் 2001ல் மேஜர் லீக் பேஸ்பால், நேரில் பார்த்து ஹாலோகிராம் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தது. விற்பவரே அச்சடித்துத் தருகிற 'அசல் சான்றிதழ்' வெறும் காகிதம். 'போட்டியில் அணிந்தது', 'போட்டிக்காகத் தரப்பட்டது', 'அணிக்காகத் தயாரித்தது' மூன்றுக்கும் விலை வேறு. மற்ற மூன்று வகையிலும் இல்லாத ஓர் ஆபத்தும் உண்டு. ஆடிக்கொண்டிருக்கும் வீரரின் அடுத்த காயமோ அடுத்த வழக்கோ உங்கள் அலமாரியில் இருப்பதன் விலையைத் தீர்மானிக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | புத்தகம் | பொம்மை | ஓவியம் | விளையாட்டு |
|---|---|---|---|---|
| சான்று | தாள், அச்சு, பிழைகள் | பெட்டி, அச்சு விவரம் | நிபுணர் கருத்து, கைமாறிய வரலாறு | புகைப்படம், நேரடிச் சாட்சி |
| நீங்களே கற்க முடியுமா | பெரும்பாலும் | ஓரளவு | கடினம், பிரிண்ட் தவிர | அட்டை முடியும், கையெழுத்து கடினம் |
| கெடுப்பது | ஈரம், பூச்சி, வெயில் | பிளாஸ்டிக் முதுமை, உலோகப் பொடிவு | வெயில், தவறான சீரமைப்பு | மை மங்குதல், துணி நைதல் |
| மறைமுகச் செலவு | குறைவு | கிரேடிங், இடம் | மிக அதிகம் | சான்றுக் கட்டணம் |
| விற்பது | மெதுவாக | பழையது வேகமாக | நிச்சயமில்லை | அட்டை வேகமாக |

## எந்தச் சூழலில் எது

படிக்கவும் ஒப்பிடவும் பொறுமை உண்டு, பணம் அதிகமில்லை, விற்க அவசரமில்லை என்றால் புத்தகம். முதன்முதலில் ஏலத்துக்கு வருகிற ஒருவருக்கு, மற்ற காரணங்கள் சமமாக இருந்தால், நான் கைகாட்டுவது இதைத்தான். தவறு செய்தாலும் எங்கே தவறினோம் என்று பிரதியைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

ஒரு குறிப்பிட்ட வரிசைப் பொம்மையை உங்களுக்குத் தலைகீழாகத் தெரியும் என்றால் புத்தகத்துக்காக அதை விட வேண்டாம். உற்பத்தி நின்று வெகுகாலம் ஆனவற்றோடு நில்லுங்கள். பிரித்த நிலையில் இருப்பதை வாங்கினால் விலையும் குறையும், கையில் எடுத்தும் பார்க்கலாம். சுவருக்கு ஒன்று வேண்டும், திரும்பி வராத பணம் என்று மனதார ஒதுக்க முடியும் என்றால் ஓவியம். விளையாட்டில் மனம் ஊறியவர்கள் நடுத்தர கிரேடு பெற்ற பழைய அட்டையில் தொடங்கலாம். ஜெர்சி வாங்குவதானால் புகைப்பட ஒப்பீடு இல்லாததைக் கேட்கவே வேண்டாம்.

இரண்டு வகைக்கு நடுவே இன்னும் முடிவு வரவில்லையென்றால், இரண்டிலும் பிடித்த ஒவ்வொரு லாட்டுக்கும் (ஏலத்தில் தனி எண்ணோடு விடப்படும் பொருள்) நிலை அறிக்கையும் கூடுதல் படங்களும் கேட்டு ஏல நிறுவனத்துக்கு எழுதுங்கள். புத்தகத்துக்குப் பதிப்பு விவரப் பக்கம், பொம்மைக்குப் பெட்டியின் ஒட்டு ஓரம், படத்துக்குப் பின்பக்கம், ஜெர்சிக்கு ஒப்பீட்டு அறிக்கை. வருகிற பதில்களைப் படிக்கும்போது எந்தப் பொருளைப் பற்றி அடுத்த கேள்வி உங்களுக்குத் தானாகத் தோன்றுகிறதோ, அந்தப் பக்கம் போங்கள். ஏல நாளுக்கு முன் பதில் வரவில்லையென்றால் அந்த லாட்டை விட்டுவிடுங்கள்.